வட்டத்தில் வாசிக்க வேண்டாம்

போபோடி, புணே
செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்குப் பார்கவி எழுதுவது. அம்மா, அப்பா, நான் மூவரும் சௌக்கியம். நீ ஸ்ரீநகர் போய்ச் சேர்ந்ததாக அப்பாவின் போனில் செய்தி வந்தது. அங்கே குளிர் எப்படி? முழங்கால் வலி திரும்ப வந்ததா?

நீ விட்டுப்போன தாளில் எந்தத் தேதிக்கு எந்த ஊர், யார் வீட்டில் தங்கல் என்று முகவரியோடு அச்சடித்திருக்கிறது. அதைப் பார்த்து ஜம்மு முகவரிக்கு இதைப் போடுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் அப்பாவோடு காலை ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸில் சாகணுக்குப் போய்விடுகிறது. வந்த பிறகு அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார். அதில் எனக்குப் பேச வராது.

அம்மாவுக்கு இடது கையில் இரண்டு விரல் லேசாக அசைகிறது. சாப்பிடும்போது வாயோரம் வழிவது குறைந்திருக்கிறது. தினமும் நீ எங்கே என்று கேட்கிறாள். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் சைக்கிளில் வருகிறாள் என்று சொன்னேன். "ஏன், பஸ்ஸு ஓடலியா?" என்றாள். நம் ஊர் குடியாத்தத்தில் இருந்தபோது பேசிய மாதிரியே தெளிவாகச் சொன்னாள். அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

ஒரு விஷயம். ரேஷன் கார்டு கவருக்குள் என்னுடைய லீவிங் சர்டிஃபிகேட் இருந்தது, ஒன்பதாவதோடு நின்றபோது பள்ளியில் கொடுத்தது. நேற்றுத் தேடினேன், காணவில்லை. நீ எங்கேயாவது எடுத்து வைத்தாயா? அவசரம் இல்லை. அப்பாவிடம் கேட்க வேண்டாம்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
பார்கவி


ஜம்மு
செப்டம்பர் 13

அன்புள்ள பாருவுக்கு,

உன் கடிதம் எனக்கு முன்னாலேயே வந்து காத்துக்கொண்டிருந்தது. இங்கே இருபத்து நாலு பேரும் நலம். ஒருத்திக்கு மட்டும் மணிக்கட்டு பிசகிவிட்டது, வண்டியில் உட்கார்ந்து வருகிறாள். முழங்கால் பரவாயில்லை. பனிஹால் கணவாயிலிருந்து இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துவிட்டன. அந்த இறக்கத்தை நீ பார்க்க வேண்டும் பாரு. மலை நம் பின்னாலேயே உருண்டு வருகிற மாதிரி இருக்கும்.

நீ கேட்ட காகிதம் என்னிடம்தான் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது. நம் பயணத்தின் பெயர் தெரியுமல்லவா, 'மகள் படிக்கட்டும்' என்று. புறப்படுவதற்கு முந்தின வாரம் வானவடியில் நடந்த கூட்டத்தில், பயணத்தை நடத்துகிற அம்ருதா மேடம் ஒன்று சொன்னார். ஒவ்வொருத்தியும் படிப்பு நின்றுபோன ஒரு பெண்ணுக்காக ஓட்ட வேண்டும், அவள் பெயரை முதுகுத் துணியில் எழுத வேண்டும், அவளுடைய ஒரு பொருள் ஹாண்டில்பார் பையில் இருக்க வேண்டும் என்றார். ஒருத்தி ஸ்கூல் டை கொண்டு வந்திருக்கிறாள். ஒருத்தி நோட்டுப் புத்தகம். என் முதுகில் 'பார்கவி' என்று மராத்தியில் இருக்கிறது. உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்க நினைத்தேன். நீ அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய்.

இன்னொன்று. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் வட்டமாக உட்காருகிறோம். வீட்டிலிருந்து கடிதம் வந்தவர்கள் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். அவர் ராணுவத்தில் இருந்தபோது இருந்த வழக்கமாம். மற்றவர்களுக்கெல்லாம் போன்தான். கடிதம் வந்தது எனக்கு மட்டும். ஹிந்தியில் சொன்னேன். அம்மா பஸ் கேட்டதற்குச் சிரித்து ஓய்ந்தார்கள். மேடம் உன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். இனி ஒவ்வொரு ஊரிலும் உன் கடிதம் வர வேண்டும் என்று எல்லோரும் சொல்லச் சொன்னார்கள்.

அம்மாவை, அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

வைஷாலி


போபோடி
செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் உன் குழுவினரும் நலமாக இருக்கிறீர்களா? மணிக்கட்டு பிசகியவர் இப்போது எப்படி இருக்கிறார்?

நேற்று கணபதி விசர்ஜனம். தெருவில் டோல் மேளச் சத்தத்துக்கு அம்மா தூங்கவில்லை. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவுக்கு விரல் அப்படியேதான் இருக்கிறது. அப்பாவுக்கு இந்த மாதம் இரண்டாவது ஷிப்ட் இல்லை.

அந்தக் காகிதம் எனக்கு அக்டோபர் மாதத்தில் வேண்டியிருக்கிறது. முடிந்தால் டெல்லியிலிருந்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவை. பையில் வேறு ஏதாவது வைத்துக்கொள்ளலாம் என்றால் என் ஜியாமெட்ரி பாக்ஸை அனுப்புகிறேன். அது எனக்கு வேண்டாம்.

உன் குழுவில் எல்லோருக்கும் என் வணக்கம்.

பார்கவி


டெல்லி
செப்டம்பர் 26

அன்புள்ள பாருவுக்கு,

ஏன் இவ்வளவு சின்னக் கடிதம்? வட்டத்தில் வாசித்தபோது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. "உன் தங்கைக்குக் கோபமா?" என்று மேடம் கேட்டார். வெட்கம் என்று சொல்லிவைத்தேன். ஜியாமெட்ரி பாக்ஸ் என்றதும் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள்.

இங்கே பெரிய செய்தி. நேற்று ஒரு பள்ளியில் ஆயிரம் பிள்ளைகள் முன்னால் பேசினேன். எப்போதும் மேடம்தான் பேசுவார். நேற்று என்னைத் தள்ளிவிட்டார். உன் சர்டிஃபிகேட்டைத் தூக்கிக் காட்டிப் பேசினேன். இது என் தங்கையினுடையது, அம்மா படுக்கையில் விழுந்த அன்று அவள் தன் புத்தகப் பையை என் கையில் கொடுத்து "அக்கா, நீ ஓட்டு" என்றாள், நான் ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் அவள் கொடுத்தது என்றேன். கைதட்டல் நிற்கவே இல்லை. நம் பயணத்துக்குச் செலவு செய்கிற கம்பெனியிலிருந்து ப்ரீத்தி என்று ஒரு பெண் வந்திருந்தாள். அவள் எடுத்த வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன், பார்த்திருப்பாய்.

இனி எல்லா ஊரிலும் நான்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் காகிதம் இன்னும் கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும். அக்டோபர் என்றாயே, எதற்கு?

மாத்திரையை நிறுத்தாதே என்று அம்மாவிடம் சொல்.

வைஷு


போபோடி
அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இதை வட்டத்தில் வாசிக்க வேண்டாம். இது உனக்கு மட்டும்.

வீடியோ பார்த்தேன். அப்பா கம்பெனியில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார். "எம் பொண்ணு பேசறத பாத்து சூப்பர்வைசரே கண்ணத் தொடச்சிக்கினாரு" என்றார். அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அம்மா முழுவதும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு நாக்கு ஒரு பக்கம் இழுக்கிறதே தவிர ஞாபகம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

நான் எப்போது அப்படிச் சொன்னேன்?

நடந்தது உனக்கு மறந்திருக்காது. ஆனாலும் எழுதுகிறேன். அம்மா பக்கவாதத்தில் விழுந்தது இரண்டு வருஷத்துக்கு முந்தின ஏப்ரலில். "ரெண்டு பேர்ல ஒருத்தி வூட்ல இருக்கணும், நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று அப்பா சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நாம் பேசவே இல்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் நீ என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். அலுவலகத்தில் அந்த அம்மாள் "மார்க் நல்லா இருக்கே, எதுக்கு நிறுத்தறீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நீ முந்திக்கொண்டு "இவளுக்கே படிக்க இஷ்டம் இல்ல" என்றாய். அவர் மறுபடியும் என்னைக் கேட்டார். நீ என் காதில், "தலையை ஆட்டு" என்றாய். ஆட்டினேன். காப்பாளர் இடத்தில் நீதான் கையெழுத்துப் போட்டாய். வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்து, ஒரு வருஷம்தான், அப்புறம் நான் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாய்.

நான் உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்கு வாய் திறக்க வரவில்லை, அது என் தப்பு. ஆனால் நான் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லாதே.

எதற்கு என்று கேட்டாயே. மேல் வீட்டுக் காவ்யா ஒரு வழி சொன்னாள். பதினேழாம் நம்பர் படிவம் என்று ஒன்று இருக்கிறது. பள்ளிக்குப் போகாமலே பத்தாவது பரீட்சை எழுதுகிறவர்கள் போடுவது. காவ்யா அவள் போனிலேயே எல்லாம் நிரப்பிவிட்டாள். மீதி வேலை லீவிங் சர்டிஃபிகேட்டின் அசலைக் கொண்டுபோய் அவர்கள் சொல்கிற பள்ளியில் கொடுப்பது. கடைசி நாள் அக்டோபர் 25. மார்ச்சில் பரீட்சை. நவம்பரில் நீ வந்துவிடுவாய், காலை வேளையில் நீ அம்மாவைப் பார்த்துக்கொண்டால் நான் படித்துவிடுவேன். நீ புறப்படும்போது சொன்னதும் அதுதான். அம்மா தூங்கும் மத்தியானங்களில் கணக்கு போட்டுப் பார்க்கிறேன். எட்டாவது கணக்கு இன்னும் வருகிறது.

அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகு அப்பாவிடம் சொல்லலாம் என்று இருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் செய்.

பார்கவி


போபோடி
அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

போன கடிதத்தை ஜான்சி முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். சேர்ந்துவிட்டது என்று காவ்யாவின் போனில் காட்டுகிறது. உன்னிடமிருந்து பதில் இல்லை. அப்பாவிடம் இரண்டு முறை பேசியிருக்கிறாய். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னைக் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை வட்டத்தில் வாசி. இதன் கீழே எழுதுவது எல்லோருக்கும்.

அம்ருதா மேடத்துக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். நான் பார்கவி. என் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு என் அக்கா ஓட்டுகிறாள். நான் மறுபடியும் படிக்கப்போகிறேன். அதற்கு என் லீவிங் சர்டிஃபிகேட் வேண்டும். இருபத்தைந்தாம் தேதி கடைசி. நாக்பூரிலிருந்து நாலு நாளில் வந்துவிடும். தயவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். இவ்வளவு பேருக்கு நான் இதுவரை பேசியதில்லை. தவறிருந்தால் மன்னிக்கவும்.

பார்கவி


நாக்பூர்
அக்டோபர் 16

என் செல்லப் பாருவுக்கு,

நீ என்ன செய்துவிட்டாய் தெரியுமா? உன் கடிதத்தை வட்டத்தில் வாசித்தேன். மேடம் எழுந்து வந்து என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, தமிழ் தெரியாவிட்டாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், நாம் இருபத்து நாலு பெண்களுக்காக ஓட்டுகிறோம், முதல் பெண் படிப்புக்குத் திரும்பப் போகிறாள் என்றார். ப்ரீத்தி அதையும் வீடியோ எடுத்தாள்.

அனுப்பிவிட்டேன். இந்தக் கவரிலேயே இருக்கிறது. சும்மா அனுப்ப வேண்டாம் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். திருப்பிப் பார், உனக்கு ஒரு ஆச்சரியம் இருக்கிறது. ஒருத்தியும் விட்டுப்போகவில்லை. மணிக்கட்டு பிசகியவள் இடது கையால் எழுதியிருக்கிறாள். மழையில் நனையாமல் இருக்க நானே கடைக்குப் போய் லாமினேட் செய்து வந்தேன். நல்ல கனமான பிளாஸ்டிக்.

உன்னுடைய அந்த இன்னொரு கடிதமும் கிடைத்தது. நேரில் பேசலாம் பாரு. கடிதத்தில் எழுதினால் எல்லாம் பெரிதாகத் தெரியும்.

அம்மாவுக்கு முத்தம். தீபாவளிக்கு நான் எங்கோ ரோட்டில் இருப்பேன்.

வைஷு


போபோடி
அக்டோபர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். அப்பாவுக்கு இரண்டு நாளாக ஜலதோஷம்.

கவர் இருபத்தொன்றாம் தேதி வந்தது. நேற்று அம்மாவைக் காவ்யாவிடம் இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு, சொன்ன பள்ளிக்குப் போனேன். எனக்கு முன்னால் பதினொரு பேர். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் முன்பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துச் சரி என்றார். அப்புறம் திருப்பினார்.

"இது என்ன, கல்யாண ஆல்பமா?" என்று மராத்தியில் கேட்டார்.

பின்பக்கம் முழுவதும் மார்க்கர் பேனா. பச்சை, சிவப்பு, ஊதா. இருபத்து நாலு கையெழுத்து, நடுவில் ஒரு சைக்கிள் படம், இரண்டு இதயம். 'உயரப் பற பார்கவி' என்று ஒருத்தர். 'எங்கள் ஹீரோ' என்று ஒருத்தர். சிவப்பு மை ஊறி முன்பக்கத்தில் என் பிறந்த தேதிமேல் வந்திருக்கிறது. அந்த அம்மாள் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதுக்குப் பின்னாடிதான் நாங்க சீல் வச்சுக் குறிப்பு எழுதணும். எங்க எழுதறது, உன் நெத்தியிலயா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அசல் கொண்டு வா" என்றார்.

"இதுதான் அசல்."

"அசலா இருந்துச்சு."

நான் நகராமல் நின்றேன். நல்லதுக்குத்தான் எழுதினார்கள் என்று சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை அக்கா. என்னைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரச் சொல்லி, கூட்டம் குறைந்த பிறகு விவரம் சொன்னார். பழைய பள்ளியில் டூப்ளிகேட் கேட்க வேண்டும். அதற்கு வக்கீலிடம் பிரமாணப் பத்திரம் வாங்க வேண்டும். எப்படிக் கெட்டுப்போனது என்று எழுத வேண்டும். "பாசத்தாலன்னு எழுதிடாதே" என்றார்.

அங்கிருந்து பழைய பள்ளிக்கு ஓடினேன். தலைமையாசிரியை விடுப்பு. தீபாவளி லீவு முடிந்து வா என்றார்கள். அதாவது நவம்பர் பத்துக்குமேல்.

வீட்டுக்கு வந்து ஓரத்தைப் பிளேடால் கீறி உரித்துப் பார்த்தேன். ஒருவேளை உள்ளே நன்றாக இருக்கும் என்று. என் பெயரில் பாதி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "எந்த வருஷம் எழுதினா இன்னா, பரீட்சை ஓடியா பூடப்போவுது" என்றார். டூப்ளிகேட் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னார். அவருக்குக் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

நீ லாமினேட் செய்யும்போது கடைக்காரர்கூட ஒன்றும் கேட்கவில்லையா?

பார்கவி


பெங்களூரு
நவம்பர் 6

அன்புள்ள பாருவுக்கு,

உடனே எழுதாததற்கு மன்னித்துக்கொள். உன் கடிதத்தை ஹைதராபாதில் வாங்கினேன். வாசிக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லை. வட்டத்தில், கடிதம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள். இதைச் சொன்னால் உடைந்துவிடுவார்கள். மேடம் தினமும் "படிவம் கொடுத்துவிட்டாளா?" என்று கேட்கிறார். கொடுத்துவிட்டாள் என்று சொன்னேன்.

எனக்குத் தெரியாது பாரு, சத்தியமாகத் தெரியாது. நான் டிகிரி சர்டிஃபிகேட் வாங்கியவளா? காகிதம் என்றால் நனையாமல் வைக்க வேண்டும் என்றுதான் தெரியும்.

நீ புத்தகப் பையைக் கொடுத்து அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். மேடையில் நிற்கும்போது நீ சொல்லியிருப்பாய் என்று தோன்றியது. நாற்பது தடவை சொன்ன பிறகு, சொன்ன மாதிரியே ஞாபகம் வருகிறது. நீ நம்ப மாட்டாய்.

இன்னொரு செய்தி. செலவு செய்கிற கம்பெனி எனக்கு வேலை தருகிறது. பெங்களூரில். பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசுகிற வேலை. நம் வீட்டில் யாருக்கும் இப்படி ஒரு வேலை வந்ததில்லை. பயணம் முடிந்ததும் நேராக இங்கே வந்து சேர வேண்டும். அதனால் நவம்பரில் நான் வர முடியாது. சங்கராந்திக்கு வருகிறேன். அப்பாவிடம் போனில் சொன்னேன், சந்தோஷப்பட்டார். உன்னிடம் நானே சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். நீ அடுத்த வருஷம் கட்டாயம் எழுதலாம், நான் பொறுப்பு.

ஒரே ஓர் உதவி. பத்தொன்பதாம் தேதி கன்னியாகுமரியில் நிறைவு விழா. மேடையில்தான் வேலைக்கான கடிதம் கொடுக்கிறார்கள். அப்போது பெரிய திரையில் உன்னைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ப்ரீத்தி புணே வரும்போது வீட்டுக்கு வருவாள். நீ ஒரு வரி சொன்னால் போதும். "அக்கா, நீ ஓட்டு." அவ்வளவுதான். ஐந்து விநாடி. உனக்குக் கூச்சம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், பக்குவமாக நடந்துகொள்வாள்.

இதை எனக்காகச் செய் பாரு.

வைஷு


போபோடி
நவம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு மூன்றாவது விரலும் அசைகிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதைப் படித்துவிட்டு நீ இதைக் கவனிக்காமல் போய்விடக்கூடாது.

ப்ரீத்தி இன்று பத்து மணிக்கு வந்தாள். மரியாதையான பெண். செருப்பை வெளியே விட்டு, அம்மாவுக்கு நமஸ்தே சொன்னாள். அம்மா கட்டில் காமிராவில் விழாமல் கொஞ்சம் தள்ளலாமா என்று கேட்டாள். தள்ளினோம். என்னைச் சுவரோரம் ஸ்டூலில் உட்காரவைத்து, சட்டையில் மைக்கைக் குத்தினாள். மடியில் ஒரு புத்தகப் பையை வைத்தாள், அவளே வாங்கிக்கொண்டு வந்தது, விலைச்சீட்டுகூட எடுக்கவில்லை.

"ரிலாக்ஸ் பார்கவி. ஒரே வரிதான். தமிழிலேயே சொல்லு, கீழே நாங்கள் ஹிந்தியில் போட்டுக்கொள்கிறோம்."

நான் மராத்தியில் பேசினேன். கீழே யாரும் எதுவும் போட வேண்டாம் என்று.

என் பெயர் பார்கவி ஜம்புநாதன் என்றேன். அக்காவிடம் நான் பை எதுவும் கொடுக்கவில்லை. எனக்குப் படிக்க இஷ்டமில்லை என்று பள்ளியில் அக்காதான் சொன்னாள், கையெழுத்தும் அவள்தான் போட்டாள், நான் தலையை ஆட்டினேன். ஒரு வருஷம் என்றாள், இரண்டு வருஷமும் ஐந்து மாதமும் ஆகிறது. இந்த வருஷம் படிவம் கொடுக்க முடியவில்லை, சர்டிஃபிகேட்டின் பின்னால் எல்லோரும் அன்பாக எழுதிவிட்டீர்கள், அதை வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அக்கா கொடுத்துவிட்டாள் என்று சொல்லியிருப்பாள். கொடுக்கவில்லை. இவ்வளவும் சொன்னேன். குரல் நடுங்கியது. ஆனாலும் நிற்கவில்லை.

ப்ரீத்தி காமிராவை இறக்கினாள். "நன்றாகத்தான் பேசுகிறாய்" என்றாள். பிறகு, "இன்னொரு தடவை எடுக்கலாமா, அந்த ஒரு வரி மட்டும்?" என்றாள். எடு என்றேன். மறுபடியும் அதையே சொன்னேன். இரண்டாவது தடவை நடுக்கம் இல்லை.

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நம் வாசற்படியில் உட்கார்ந்து அப்படியே அம்ருதா மேடத்துக்கு அனுப்பிவிட்டாள். டீ போட்டுக் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் மேடம் அவள் போனுக்குக் கூப்பிட்டார். என்னிடம் கொடுக்கச் சொன்னார். ஸ்பீக்கர் இல்லாமல் நான் பேசிய முதல் போன் இதுதான்.

"மகளே, இது உண்மையா?"

"உண்மை."

"அக்கா மேல் உள்ள கோபத்தில் சொல்கிறாயா?"

"கொஞ்சம் அதுவும் உண்டு" என்றேன்.

அந்தப் பக்கம் லாரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ரோட்டோரம் நிறுத்திவிட்டுத்தான் பேசினார் போலிருக்கிறது. அப்புறம், சர்டிஃபிகேட் பின்னால் 'எங்கள் ஹீரோ' என்று எழுதியது நான்தான் என்றார். வைத்துவிட்டார்.

அம்மா எல்லாவற்றையும் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு மராத்தி பாதிதான் புரியும். ப்ரீத்தி போன பிறகு, "வைஷுக்கு வேல பூடுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "நீயும் படிக்கல, அவுளும் சம்பாரிக்கலன்னா இன்னாடி மிச்சம்" என்றாள். அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்பவில்லை. சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன். விழா முடிந்து உன் கைக்கு வரட்டும். உனக்கு முன்கூட்டித் தெரிந்தால் அவர்களிடம் ஏதாவது சொல்லிச் சரிக்கட்டிவிடுவாய், உனக்கு அது வரும். டூப்ளிகேட்டுக்கு அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். படிவம் இனி ஜூன் மாதத்தில்தான் கொடுப்பார்களாம்.

வேலை கிடைத்தால் அங்கேயே இரு. நான் கேட்க மாட்டேன். கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வா, காலை வேளை உன்னுடையது. ஐந்தே முக்காலுக்கு அம்மாவை வலது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து முதுகைத் துடைக்க வேண்டும். இடது கையை முதலில் தோளிலிருந்து நீவிவிட்டுப் பிறகுதான் விரலை நீட்ட வேண்டும், அவசரப்பட்டால் வலிக்கும், ஆனால் சொல்ல மாட்டாள். கஞ்சி ஆறியிருக்க வேண்டும். மாத்திரை வெள்ளை முதலில், அரைமணி கழித்து மஞ்சள். பாத்திரம் எடுத்துக்கொண்டு போகும்போது கதவைச் சாத்தாதே, அவளுக்குப் பயம்.

பார்கவி